அதிபரின் மேஜையும் ஒரு தாய்மாமன் மடியும்

ஷார்ஜா தொழில்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்க அதிபரின் மேஜையை ஆராய்ச்சி செய்த ஒரே மதுரைக்காரி நானாகத்தான் இருப்பேன். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. எங்கள் மரப்பட்டறையில் வரைபடம் போடுவது என் வேலை. கடைக்கு கவுண்டர், ஓட்டலுக்கு அலமாரி, பள்ளிக்கு பெஞ்சு என்று யார் எதைக் கேட்டாலும் அளவு போட்டுக் கொடுப்பேன். அப்படி நிம்மதியாக இருந்தவள் தலையில் ஒருநாள் இந்த மேஜை வந்து விழுந்தது.

கேட்டவர் கோயம்புத்தூர்க்காரர். துபாயில் பம்ப் வியாபாரம். புது ஆபீஸ் திறக்கிறார். அங்கே தன் அறையில் அமெரிக்க அதிபர் உட்காரும் அதே மேஜை வேண்டுமாம். தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்திருப்போமே, பின்னால் மூன்று ஜன்னல், முன்னால் கழுகு பொறித்த பெரிய மேஜை, அதுதான்.

"அச்சு அசலா அப்படியே வேணுமுங்க அம்மணி" என்றார். "பக்கத்துல ஒரு பலகை வெச்சு மேஜையோட கதையைத் தமிழ்ல எழுதிப் போடோணும். வர்றவிங்க படிக்கோணும். ஒரு வரி கூடப் பொய் இருக்கப்படாது."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லியிருக்கக் கூடாது. 'பொய் இருக்கக் கூடாது' என்று யாராவது என்னிடம் சொன்னால் எனக்குச் சாமி வந்துவிடும். வீட்டில் என் மகன் ஹோம்வொர்க்கில் ஒரு தகவலை எழுதினால்கூட "எங்கேருந்து எடுத்தே?" என்று நான் கேட்க, அவன் "அம்மா, ப்ளீஸ், நாட் அகெய்ன்" என்று ஓடுவான்.

ஒரு வாரம் படங்களாகச் சேர்த்தேன். நூற்றுக்கும் மேல் இருக்கும். அதில் பாதி டூப்ளிகேட். சினிமாவுக்குப் போட்ட செட், அருங்காட்சியகத்தில் வைத்த நகல், எவனோ வீட்டுக் கொட்டகையில் செய்து வைத்த மேஜை, எல்லாவற்றுக்கும் கீழே 'ஒரிஜினல்' என்று எழுதியிருக்கிறது. எழுதினவன் கையை ஒடிக்க வேண்டும். உண்மையான மேஜையின் படங்களிலும் ஒன்றுக்கொன்று உயரம் ஒத்துப்போகவில்லை. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். பிறகுதான் தெரிந்தது, உயரமான அதிபர்களுக்கு முழங்கால் இடித்ததால் பிற்பாடு அடியில் கட்டை வைத்து ஏற்றியிருக்கிறார்கள். உலகத்தையே ஆள்கிறவருக்கும் முட்டி இடிக்கத்தான் செய்கிறது.

அடுத்தது கழுகு. ஒரு காலில் இலைக்கொத்து, இன்னொரு காலில் அம்புகள். மேஜையில் இருக்கும் கழுகு அம்புகளின் பக்கம் திரும்பியிருக்கிறது. ஆனால் தெளிவாக இருந்த ஒரு படத்தில் தலை நேர் எதிர்ப்பக்கம். எது சரி? அரைநாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவரின் கோட்டைப் பார்த்தேன். மேல்பாக்கெட் வலது மார்பில் இருந்தது. எந்தத் தையல்காரன் ஆண்பிள்ளை கோட்டுக்கு வலதுபக்கம் பாக்கெட் வைப்பான்? யாரோ படத்தையே இடம்வலமாகத் திருப்பிப் போட்டிருக்கிறான்! இதை நான் கண்டுபிடித்தபோது பாராட்ட அக்கம்பக்கத்தில் ஒரு ஈ காக்கா இல்லை.

அதனால் நேரே கழுகைக் குடையப் போகிறவனிடம் போய்ச் சொன்னேன். அவன் விழுப்புரம் பக்கத்து ஆள். கம்ப்யூட்டரில் நாம் கொடுக்கும் படத்தை அப்படியே மரத்தில் குடையும் மெஷினை ஓட்டுகிறவன். ஷார்ஜாவுக்கு வந்து நாலு வருஷம் ஆகப் போகிறது, ஒருமுறைகூட ஊருக்குப் போகவில்லை.

"பாக்கெட்டை வச்சே புடிச்சிட்டீங்களாக்கா? போலீசுக்குப் போயிருக்கலாம் நீங்க" என்றான். பிறகு குரலை இறக்கி, "கழுகு எந்தப் பக்கம் வேணா பாக்கட்டும்க்கா. வேலை மட்டும் இந்த மாசம் முடிஞ்சிடுமா?" என்று கேட்டான்.

அவன் அவசரம் எனக்குத் தெரியும். அவன் தங்கை மகளுக்குக் காது குத்த வேண்டும். அவன் இங்கே வந்த பிறகு பிறந்த குழந்தை. ஒன்றாம் வயதில் குத்த நாள் பார்த்தார்கள், லீவ் கிடைக்கவில்லை. இப்போது மூன்றாம் வயது முடியப் போகிறது. விட்டால் ஐந்தில்தான். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், அவனோ ஒரே மாமன். பங்காளி ஒருவர் மடியில் வைத்துக் குத்திவிடலாம் என்று மாப்பிள்ளை வீட்டில் பேச்செடுத்தபோது, "எங்கண்ணன் உசுரோட இருக்கும்போது எம்பொண்ணு எதுக்கு வேற மடியில உக்காரணும்?" என்று தங்கை இரண்டுநாள் சோறு தின்னவில்லையாம். குலதெய்வம் கோயிலில் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை நாள் குறித்துவிட்டார்கள். ஆனால் எங்கள் மேனேஜர் வடநாட்டுக்காரர், கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். "பெஹ்லே டெஸ்க், ஃபிர் சுட்டி." முதலில் மேஜை, பிறகு லீவ். கேட்கும்போதெல்லாம் இதே பாட்டு.

நான் எழுதிய வாசகத்தை முதலில் அவனிடம்தான் படித்துக் காட்டினேன். வடதுருவப் பக்கம் போன ஆங்கிலேயக் கப்பல் ஒன்று பனியில் மாட்டிக்கொண்டது. மாலுமிகள் அதை அப்படியே விட்டுவிட்டு இறங்கிப் போனார்கள். பிறகு அது ஆளில்லாமல் மிதந்துகொண்டு வந்ததை அமெரிக்கர்கள் பிடித்து, பழுது பார்த்து, இங்கிலாந்து ராணிக்கே திருப்பிக் கொடுத்தார்கள். அந்தக் கப்பலை உடைத்தபோது வந்த மரத்தில் ராணி மேஜை செய்து அமெரிக்க அதிபருக்கு அனுப்பினார். காலில் ஊனம் இருந்த ஓர் அதிபர், கால் வெளியே தெரியாதபடி முன்பக்கம் கழுகுக் கதவு போடச் சொன்னார். கதவு வருமுன் அவர் இறந்துவிட்டார். இன்னொரு அதிபரின் சின்னப் பிள்ளை அந்தக் கதவைத் திறந்துகொண்டு எட்டிப் பார்க்கும் படம் உலகப் புகழ்பெற்றது. அந்த அதிபர் சுட்டுக் கொல்லப்பட்டார். மேஜை அதிபரின் அறையிலிருந்து வெளியேறிப் பல வருஷம் கழித்துத் திரும்பியது.

கேட்டுவிட்டு அவன் தலையைச் சொறிந்தான். "நல்லாத்தான்க்கா இருக்கு. சாவு சேதியெல்லாம் எதுக்கு? புது ஆபீஸ் தொறக்குறாங்கல்ல?"

"வரலாறுன்னா வரலாறுதான். அதுல நல்லநேரம் ராகுகாலம் எல்லாம் பாக்க முடியாது. நீ போய் மெஷினைப் பாரு" என்று சீறினேன். மூக்குக்கு மேல் கோபம் எனக்கு. அவன் மெஷின் பக்கம் போய்விட்டான்.

கழுகுக் கதவு குடைந்து முடிந்ததும், வாசகத்தையும் அதையும் பார்த்து ஒப்புதல் தர கோயம்புத்தூர்க்காரர் வந்தார். கூடவே அவர் மனைவி. பட்டறையின் சின்ன ஏசி அறையில் மேனேஜர், நான், அவர்கள் இருவர். கழுகைக் குடைந்தவன் கதவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றான். கழுகு பிரமாதமாக வந்திருந்தது. ஒவ்வோர் இறகாகத் தடவிப் பார்த்து, "அடேங்கப்பா!" என்றார் அவர். ஒப்புதல் படிவம் மேனேஜரின் மேஜை மேல் இருந்தது. பேனாவைக்கூடத் திறந்துவிட்டார்.

"கதையையும் படிச்சிருங்க அம்மணி, கையோட கேட்டுக்கறோம்" என்றார்.

படித்தேன். எனக்கோ குரல் நன்றாக இருக்கும் என்ற நினைப்பு வேறு. ஏற்ற இறக்கத்தோடு படித்தேன். மாலுமிகள் கப்பலைக் கைவிட்ட இடத்தில் அந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். கதவு வருமுன் அதிபர் இறந்த இடத்தில் தாலிக்கொடியைப் பிடித்துக்கொண்டார். சுட்டுக் கொன்ற இடத்துக்கு வந்தபோது எழுந்தே விட்டார்.

"ஏனுங்க! இதையா கொண்டுபோய் ஆபீஸ்ல போடப் போறீங்க? கைவிட்ட கப்பல் மரம், செஞ்சு வெக்கச் சொன்னவரு போயிட்டாரு, உக்காந்தவரைச் சுட்டுப் போட்டாங்க. நம்முளுக்கு வேற மேஜையே கெடைக்கலீங்களா?"

"அந்த மரமில்லைங்க, இது நம்ம ஓக் மரம்" என்றேன்.

"மரம் வேறயா இருந்தா என்ன அம்மணி? அச்சு அசல்தானே?"

கணவர் பேனாவை மூடினார். "கொஞ்சம் ஹோல்ட் பண்ணி வெய்யுங்க. யோசிச்சுச் சொல்றோமுங்க" என்றார். மேனேஜருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் 'ஹோல்ட்' தெரியும். என்னைப் பார்த்த பார்வையில் நான் பஸ்பமாகியிருக்க வேண்டும்.

நான் மேனேஜரைப் பார்க்கவில்லை. சுவரோரம் நின்றவனைத்தான் பார்த்தேன். மேஜை நின்றால் லீவ் நின்றது. வெள்ளிக்கிழமைக்கு ஒன்பது நாள். அவன் முன்பே சொன்னான், நான்தான் அவன் வாயை அடைத்தேன். பாவி, என் வரலாற்றைக் கொண்டுபோய் உடைப்பில் போட! இரண்டு வரியை விழுங்கியிருந்தால் என்ன குடியா முழுகிப் போயிருக்கும்?

அப்போதுதான் அவன் பேசினான். கஸ்டமர் முன்னால் அவன் வாய் திறந்து அதுவரை நான் பார்த்ததில்லை.

"கைவிட்டதை மட்டும் பாக்குறீங்களேம்மா. ஆளே இல்லாத கப்பலு அவ்ளோ கடலைத் தாண்டித் தானா வந்து, சொந்த ஊருக்கும் போய்ச் சேந்துடுச்சு. அதுக்கு யாரும் லீவ் குடுக்கல. நான் முழுசா ஆளா நிக்கிறேன், என்னாலதான் போவ முடியல."

அந்த அம்மா அவனைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏஞ் சாமி, ஊருக்குப் போகோணுமா? என்ன விசேசம்?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். காதுகுத்து, மூன்றாம் வயது, ஒரே மாமன், தள்ளிப்போன நாள், பட்டினி கிடந்த தங்கை. இந்தக் கதவு கையெழுத்தாகி மேஜை முடிந்தால்தான் தனக்கு லீவ் என்பதையும் சொன்னான்.

அந்த அம்மாவின் முகம் சிவந்தது. "இத பாருங்க" என்று கணவரிடம் திரும்பினார். "கப்பல் கதையெல்லாம் விடுங்க. தாய்மாமனை இங்க கட்டிப் போட்டு வெச்சு ஒரு மேஜை செஞ்சா, அதுல உக்காந்து நாம வெளங்குவமா? அதைவிட வேற அபசகுனம் வேணுமா? இந்தத் தம்பி மொதல்ல போய்க் காது குத்திட்டு வரட்டும். வந்து அவன் கையால மீதியைச் செய்யட்டும். அதுவரைக்கும் ஆபீஸ் தொறக்க வேண்டாம். தள்ளி வெய்யுங்க."

"ஏம்மா, பத்திரிகை அடிச்சாச்சு..."

"மறுக்கா அடிங்க."

அவர் பேனாவை மறுபடி திறந்தார். மேனேஜருக்கு நான் இந்தியில் மொழிபெயர்த்தேன். அன்று என் மொழிபெயர்ப்பு கொஞ்சம் தாராளமாக இருந்தது. ஆள் ஊருக்குப் போகாவிட்டால் கஸ்டமர் வேறு பட்டறைக்குப் போய்விடுவார் என்று நானாக ஒன்றைச் சேர்த்துவிட்டேன். பொய்தான். மேனேஜர் லீவ் பாரத்தில் போட்ட கையெழுத்து தாளைக் கிழித்துக்கொண்டு போனது. "கலாஸ்! ஜாவ்!" என்றார். முடிந்தது, போய்த் தொலை என்று அர்த்தம்.

கிளம்பும்போது அந்த அம்மா என்னிடம் வந்தார். "அந்த மூணு வரியை எடுத்துப் போடு அம்மணி. பொய் சொல்ல வேண்டாம். சொல்லாம விட்டாப் போச்சு." வேறு நாளாக இருந்தால் ஒரு மணிநேரம் வாதாடியிருப்பேன். அன்று பேனாவை எடுத்து நானே மூன்று வரிகளையும் அடித்தேன். கப்பல் வீடு திரும்பிய வரியை மேலே கொண்டுபோய் வைத்தேன். கை கொஞ்சமும் கூசவில்லை.

அவன் ஊருக்குப் போனான். ஒரு மாதம் கழித்து டூட்டிக்குத் திரும்பியபோது எனக்கு முறுக்கும், காதுகுத்துப் படம் ஒன்றும் கொண்டுவந்தான். போட்டோகிராஃபர் எடுத்துச் சட்டம் போட்ட படம். கோயில் வாசல், பாய், சுற்றிலும் கூட்டம். நடுவில் பட்டு வேட்டியில் அவன். மடியில் மொட்டைத் தலையும் சந்தனமுமாகக் குழந்தை. ஆசாரி ஊசியோடு குனிகிறார். அவனோ ஒரு கையில் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அடப்பாவி! இதுக்குத்தானே இவ்வளவு பாடுபட்டுப் போனே? ஊசி குத்துற நேரத்துல கூட செல்ஃபியா உனக்கு?"

"செல்ஃபி இல்லக்கா" என்றான்.

சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தான். "பாப்பா எங்கிட்ட வரவே மாட்டேன்னுடுச்சு. மடியில வச்சதும் ஒரே கத்தல். 'இது மாமா இல்ல, மாமா போன்லதான் இருக்காரு'ன்னு எறங்கி ஓடுது. கூட்டமெல்லாம் சிரிக்கிறாங்க. நேரம் வேற போவுது. அப்புறம் என் தங்கச்சிதான் சொல்லுச்சு, போன்ல முன்னாடி கேமராவைப் போட்டுக் காட்டுண்ணான்னு. காட்டினேன். அதுல என் மூஞ்சியைப் பாத்ததும், 'மாமா'ன்னு சொல்லி, கம்முனு உக்காந்துகிச்சு."

"குத்தினப்ப அழுதாளா?"

"அழுதுச்சுக்கா." அவன் படத்தை வாங்கித் தன் சட்டையால் துடைத்தான். "எம்மடியிலதான் உக்காந்துருக்கு. நான் கட்டிப் புடிச்சிருக்கேன். என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல. போனைப் பாத்துச் சொல்லுது, 'மாமா, வலிக்குது, சீக்கிரம் வா'ன்னு."