கொளுத்தும் வெயிலில் ஹீட்டர்

கிழவர் கிளாரியின் வீட்டுவண்டி, படுக்கையும் அடுப்பும் வைத்த பழைய வேன், மச்சான் லெஸ் சாகும்போது விட்டுப்போனது. அதில் ஏசி கிடையாது. அந்த நாட்டில் ஜனவரிதான் கடும் கோடை; அந்த வெயிலில் ஹாரக்ஸ் மலைக் கணவாய் ஏறும்போது இன்ஜின் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. இன்ஜின் போனால் வண்டியே போச்சு.

"ஹீட்டரைப் போடுய்யா," என்றாள் மனைவி நோரீன்.

"வெந்து சாகவா, கிழவி?"

"இன்ஜின் சூட்டை அது உள்ள இழுத்துக்கும். எங்கண்ணன் லெஸ் இப்படித்தான் ஏத்துவாரு. போடு!"

போட்டார். அனல் காலில் அடித்தது. நோரீன் ஈரத்துண்டைப் பிழிந்து முதலில் அவர் கழுத்தில்தான் சுற்றினாள். முள் மெல்ல இறங்கியது.

உச்சியில் வண்டியை நிறுத்தினார். வண்டியின் முன்பக்கம் காற்றில் தொங்கிக் குளிர்ந்திருந்த கான்வாஸ் தண்ணீர்ப் பையை அவிழ்த்து, அவள் தலையில் நிதானமாகத் தண்ணீர் ஊற்றினார்.

"உங்கண்ணனுக்குப் புண்ணியம் சேரட்டும்."

"அப்ப எனக்கு?"

"அதான் ஊத்துறேனே!"