ஏலக்காய் ஸ்டோரில் ஜெயித்த கண்ணாடி

ஹமீதாக்கா போய்விட்டார். அதிகாலையில் அவர் தம்பி போன் செய்தார்... ஹார்ட் அட்டாக்.

பெங்களூர் லேப்பில் நாங்கள் இருவர்தான் போடிப் பக்கம். அவர் டவுன், நான் சிலமலை.

டேட்டாவை நூற்றாண்டுக் கணக்கில் கெடாமல் வைக்க வழி தேடுவது எங்கள் வேலை. தபால்தலை அளவு குவார்ட்ஸ் கண்ணாடி... அதற்குள் லேசரால் நுண்ணிய புள்ளிகளாக எழுதி, மைக்ராஸ்கோப் வைத்துப் படிப்போம்.

அக்கா இந்த வேலைக்கு வரக் காரணம் அவருடைய நிக்காஹ் சிடி. மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிட்டது.

"எங்க அத்தா சிரிச்சது அது ஒண்ணுலதான் இருந்துச்சு செல்வி. போயிருச்சு." இதைச் சொல்லும்போது அழ மாட்டார். கோபப்படுவார்.

லேப் ஓவன் சூட்டில் கண்ணாடி பாஸ் ஆனது. எல்லோரும் கைதட்டினோம், அக்கா தட்டவில்லை.

"ஏசி ரூம்புல ஜெயிச்சு என்னத்த பண்றது? எங்க மலைக்குக் கொண்டு போவோம்."

போனால் போனதுதான், மறுபடி எழுத பட்ஜெட் இல்லை என்றார் மேனேஜர். "கெட்டுப்போச்சுன்னா நான் சோலியை விட்டுர்றேன் சார்." அக்கா விளையாட்டாகச் சொல்லவில்லை.

போடிமெட்டுக்கு மேலே அவர் தம்பி வேலை பார்க்கும் எஸ்டேட். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் சூடும் புகையும், வெளியே மழையும் பனியும்... மாற்றி மாற்றி ஒரு சீசன் முழுக்க வைத்தோம்.

எடுத்து வர நானும் போனேன். கண்ணாடி மேலெல்லாம் பிசுக்கு. ஒவ்வொரு வளைவிலும் அக்கா அதை மடியில் பொத்திக்கொண்டு, "மெதுவாண்ணே... மெதுவா..." என்று ஜீப் டிரைவரை ஒரு வழி பண்ணிவிட்டார்.

லேப்பில் கழுவி வைத்தோம். ஃபைல் திறந்தது. எஸ்டேட் வேலைக்குப் போகும் பெண்களின் பேச்சை ஜீப்பில் அக்காவே பதிவு செய்த ஆடியோ.

"ஏ, நகண்டு உக்காருடி! ஜீப்பு என்ன ஒங்க மாமன் குடுத்த சீரா?" அப்புறம் அத்தனை பேரின் சிரிப்பு... நேற்றுச் சிரித்தது போல.

ஒரு பிட் மாறவில்லை. தமிழ் அரைகுறையாகத்தான் புரியும் மேனேஜரும் சிரித்துவிட்டார்.

அக்கா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். நான் அவரைவிடக் கனம்!

ஜன்னலுக்கு வெளியே பெய்த மழையைப் பார்த்துக் கத்தினார்: "இப்ப அழிச்சுப் பாரு!"

இன்று சாயந்திரம் மஃரிப் தொழுகைக்குப் பிறகு போடியில் அடக்கம். தெரிந்தவர்கள் வந்துவிடுங்கள்.

பஸ்சு தேனியைத் தாண்டிவிட்டது... வந்துட்டேன்க்கா.