என் கடைக்கு அப்பா பெயர்

மராத்தி ஊரான நிக்டியில், எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் சொசைட்டிக்காரர்கள் ஒரு முடிவு எடுத்தார்கள். அரசாங்கத்தின் இணையச் சந்தையில் பதிந்தவர்கள்தான் இனிமேல் கேட்டுக்குள் வந்து விற்கலாம். சிறு வியாபாரிகளை டிஜிட்டலுக்கு உயர்த்தும் கொள்கை என்று டிவியிலும் சொன்னார்கள். உயர்த்தட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் என் இட்லி மாவு வியாபாரம் மொத்தமும் அந்தக் கேட்டுக்குள்தான் இருந்தது.

கம்பெனி வேலையை விட்டு நானாகத் தொடங்கியது அது. அன்றைக்கே கோயம்புத்தூரிலிருந்து அப்பா போனில் கத்தினார். "மாவு விக்கறதுக்கா கண்ணு உன்னய இஞ்சினியருக்குப் படிக்க வெச்சேன்? எங்கயும் என்ற பேர எடுத்துராத!" எடுக்கவே மாட்டேன் என்று நானும் கத்தினேன்.

பதிவு மையத்தில் கணினி முன் இருந்த பெண், "தாயீ, ஆட்னாவ்?" என்றாள். அக்கா, குடும்பப் பெயர் என்ன என்கிறாள். எங்களுக்கு ஏது அதெல்லாம்? முன்னால் அப்பாவின் இனிஷியல், பிறகு என் பெயர், அவ்வளவுதான் என்றேன். ஒற்றை எழுத்தைக் கணினி ஏற்கவில்லை. காலியாக விடவும் விடவில்லை. பின்னால் வரிசை முணுமுணுத்தது. எரிச்சலில் அப்பாவின் முழுப் பெயரையும் சொல்லித் தொலைத்தேன்.

கடை இணையத்தில் வந்தது. அப்பா பெயர் முழுசாக, கொட்டை எழுத்தில். குடும்பப் பெயரை முழுசாகவும் சொந்தப் பெயரை முதல் எழுத்தாகவும் போடுவது அங்கே வழக்கமாம்; பக்கத்தில் நான், ஒரே ஒரு எழுத்து. இத்தனை காலம் என் பெயருக்கு முன்னால் இனிஷியலாக நின்றவர் கடைக்காரராகிவிட்டார், நான் அவருக்கு இனிஷியலாகிவிட்டேன். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

உதவி எண்ணில் கேட்டேன். அடையாள அட்டையைத் திருத்தினால் இங்கே தானாக மாறும் என்றார்கள். அட்டை திருத்தும் இடத்தில், இதில்தான் பிழையே இல்லையே, எதைத் திருத்துவது என்றார்கள். இரண்டும் நியாயமாகவே பட்டது. அதுதான் இன்னும் குழப்பியது.

"கடை கெடச்சுதில்ல, விடு," என்றார் கணவர். கிடைத்ததுதான். யாருக்கு என்று அவரிடம் கேட்கவில்லை.

அன்று சாயங்காலமே முதல் போன் வந்தது. பக்கத்துக் கட்டடத்து அம்மாள் ஒருத்தி, அப்பா பெயரோடு ஒரு 'ஜி' சேர்த்து, இருக்கிறாரா என்று இந்தியில் கேட்டாள்.

"அவர் ஊரில் இருக்கிறார்."

"நீங்கள் யார்?"



"மாவு அரைக்கிறவள்," என்றேன்.