பிட்ச்சுக்குப் போட்ட போர்வை

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என் மைத்துனன் குணா என்னோடு பேசுவதில்லை. காரணம், ஒரு தார்ப்பாய்.

குணா எங்கள் ஊரான கெலாங் பாத்தாவின் கிரிக்கெட் அணிக்குக் கேப்டன். நான் அதில் ஸ்பின் போடுகிறவன். என் ஸ்பின்னைப் பற்றி இந்தப் பக்கத்தில் முன்பு நான் எழுதி அளந்துவிட்டதையெல்லாம் நம்பியவர்கள் மன்னிக்கவும்... இந்த சீசனில் ஒரு விக்கெட்கூட விழவில்லை. சாஆ ஊர் அணியோடு மேட்ச் என்று முடிவானதும் குணா வீட்டுக்கே வந்து, என் மனைவி போட்ட தேநீரைக் குடித்துவிட்டுப் பக்குவமாகச் சொன்னான்.

"மச்சான், கோவிச்சிக்காதீங்க. இதுலயும் விக்கெட் வரலன்னா, அடுத்த மேட்ச்லேர்ந்து நீங்க அம்பயரா நில்லுங்க."

அக்காள் கணவனிடம் பேசுகிற பேச்சா இது?

தப்பு என் விரலில் இல்லை, எங்கள் ஜொகூர் மாநில மழையில் இருக்கிறது. பிட்ச் காய்ந்து மேல்மண் உதிர்ந்தால்தான் என் பந்து மண்ணைப் பிடித்துத் திரும்பும். ஈரமும் புல்லும் இருந்தால் வேகப்பந்து வீச்சாளருக்குக் கொண்டாட்டம். பந்து குத்தியதும் எந்தப் பக்கம் போகும் என்று அவருக்கே தெரியாது. சாயங்காலமானால் மழை கொட்டுகிற ஊரில் ஸ்பின்னர் எப்படிப் பிழைப்பது? அதிலும் சாஆவில் தினேஷ் என்று ஒருவன் இருக்கிறான். செம்பனைத் தோட்டத்து லாரி ஓட்டுகிறவன். பந்தையும் அதே வேகத்தில்தான் விடுவான்.

யோசித்தேன். கல்யாணப் பந்தல் போடும் நண்பரிடம் பெரிய தார்ப்பாய் ஒன்றை இரவல் வாங்கினேன். முந்தின நாள் மழையில் நனைந்திருந்த பிட்ச்சை சனிக்கிழமை காலையிலேயே மூடி, ஓரமெல்லாம் செங்கல் வைத்தேன். குணாவுக்கு உத்தரவாதமும் கொடுத்தேன் — டாஸ் ஜெயித்தால் பேட்டிங் எடு, மத்தியானம் பிட்ச் வெடிக்கும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்று ஒரு சொட்டு மழை பெய்யவில்லை. கொளுத்தும் வெயில்.

ஞாயிறு காலை குணா டாஸ் ஜெயித்து, என்னை நம்பி, பேட்டிங் எடுத்தான். பிறகுதான் தார்ப்பாயைச் சுருட்டினோம். அடிப்பக்கமெல்லாம் நீர் கோர்த்துச் சொட்டியது. சூடான சோற்றை டப்பாவில் போட்டு மூடினால் மூடி வியர்க்குமே, அதே கதைதான். திறந்து விட்டிருந்தால் தானே காய்ந்திருக்கும் மண்ணை, நான் போர்வை போட்டு ஈரமாகவே காப்பாற்றி வைத்திருந்தேன்.

தினேஷ் குனிந்து, கட்டைவிரலால் பிட்ச்சை அழுத்திப் பார்த்துச் சிரித்தான்.

அவனுடைய முதல் பந்து குணாவின் மூக்கை உரசிக்கொண்டு போனது. இரண்டாவது ஸ்டம்பைப் பெயர்த்தது. அப்புறம் ஊர்வலம்தான். எங்களிடமும் வேகமாக ஓடி வருகிறவர்கள் உண்டு; பந்துதான் மெதுவாக வரும். சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே சாஆ ஜெயித்துவிட்டது. எனக்கு ஓர் ஓவர்கூட வரவில்லை. கொடுமை என்ன தெரியுமா? எல்லாம் முடிந்த பிறகுதான் பிட்ச் அருமையாகக் காய்ந்து வெடிப்பு விட்டது.

குணா அம்பயரின் வெள்ளைக் கோட்டை என் தோளில் போட்டுவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டான். அழுகை வரும்போல இருந்தது.

அந்த நேரம் பார்த்து தினேஷ் எங்களிடம் வந்தான். "அண்ணே, இந்தப் பிட்ச்ச யாரு ரெடி பண்ணுனா? எங்க ஊரு பாடாங் மைதானத்துலகூட இப்படி வராதுலா."

எங்கள் அணியின் அத்தனை விரல்களும் என்னைக் காட்டின. அவன் என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினான்.

இத்தனை வருஷக் கிரிக்கெட்டில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு... விடுவேனா?