எல்லை தாண்டி வந்தவர்

பூசாரி அண்ணனின் வெறும் மணிக்கட்டு இன்னும் என் கனவில் வருகிறது. முகம் வருவதில்லை.

இது நடந்து சில ஆண்டுகள்தான் ஆகின்றன. பத்து பெரண்டாம் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்த என் மகள் வயிற்றைப் பிடித்தபடி சுருண்டு விழுந்தாள். குடல்வால் அழற்சி. நானும் என் கணவரும் பாயா ரும்புட் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அறுவைக்கு எல்லாம் தயார். தடையாக இருந்தது அவள் கையில் கட்டியிருந்த மஞ்சள் காப்புக் கயிறு மட்டும்தான்.

அதற்கு முந்தைய ஆண்டு எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். அம்மா பிழைத்தால் பால்குடம் எடுக்கிறேன் என்று, நாங்கள் முன்பு குடியிருந்த ரப்பர் தோட்டத்து மாரியம்மனுக்கு அவள் நேர்ந்துகொண்டாள். அதற்கான காப்பு அது. கட்டிய பூசாரியே, பால்குடம் இறக்கிய பிறகு அவிழ்க்க வேண்டும். நடுவில் அறுத்தால், யாருக்காக நேர்ந்தோமோ அவரைத் தாக்கும் என்பது தோட்டத்து நம்பிக்கை.

தாதி மிஸ்ஸி கத்தரிக்கோலை எடுத்ததும் மகள் கையை முதுகுக்கு அடியில் மறைத்துக்கொண்டாள்.

"வெட்டட்டும்டி. எனக்கு ஒண்ணும் ஆவாது."

"ஆச்சுன்னா?"

"நான் படிச்சவ. இதெல்லாம் எனக்குத் தெரியும்லா."

"படிச்சவதானே? அப்புறம் ஏன்மா கை நடுங்குது?"

அவள் வயது வந்தவள். அவள் சம்மதிக்காமல் அறுவை கிடையாது. இளம் சீன டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். குடல்வால் வெடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து என்றார். என் கணவர் மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். பூசாரியை அழைத்துவர அல்ல. கயிற்றை நாங்களே அவிழ்க்கலாமா என்று அவர் மூலம் அம்மனிடம் உத்தரவு கேட்டுவர. திருவிழாவில் கரகம் எடுப்பவர் பூசாரி அண்ணன்தான். அந்த ஆண்டு விழாவுக்கு அவர் கையிலும் காப்பு ஏறியிருந்தது; விழா முடியும்வரை தோட்டத்து எல்லையை அவர் தாண்டக் கூடாது.

அந்த வார்டில் உஸ்தாஸ் என்னும் இஸ்லாமிய மதகுரு ஒருவர் மலாய் நோயாளிகளின் கட்டில்தோறும் நின்று மெல்லிய குரலில் ஓதிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டில் அக்கா முனகலுக்கு நடுவிலும் சொன்னார்: "அவங்களுக்கு உஸ்தாஸ் வாராரு. வேதக்காரவங்களுக்குப் பாதர் வாராரு. நம்ம சாமிக்கு மட்டும் பஸ் கெடைக்கல போல."

மகள்கூடச் சிரித்தாள். சிரித்ததும் வலி தாங்காமல் கட்டில் கம்பியைப் பற்றினாள்.

வார்டின் தலைமைத் தாதி ஒரு மலாய்க்கார அம்மா. என்ன சங்கதி என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அவர் டாக்டரிடம் திரும்பி, "இத்து ஹாக் டியா, டாக்டர்" என்றார். அது அவள் உரிமை. அறுவைக்கூடம் காலியாகும்வரை பொறுப்பதாக டாக்டர் ஒப்புக்கொண்டார்.

கூடம் காலியாவதற்குள், வார்டு வாசலில் என் கணவருக்குப் பின்னால் பூசாரி அண்ணன் நின்றிருந்தார். வெறுங்கால், மஞ்சள் வேட்டி. அவர் மணிக்கட்டில் கயிறு இல்லை. அது இருந்த இடத்தில் மஞ்சள் கறை மட்டும்.

"அண்ணே, உங்க காப்பு..."

"அவுத்து அண்ணன் மவன் கையில கட்டிட்டேன். கரகத்த அவன் எடுக்கட்டும். புள்ள எங்க?"

தலைமைத் தாதி கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தார். உள்ளே போகப் பார்த்த என்னையும் தடுத்து, தாமும் வெளியே நின்றார். உஸ்தாஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டார். உள்ளே முணுமுணுப்பு கேட்டது. திரை விலகியபோது மகள் நெற்றியில் திருநீறு இருந்தது. கை வெறுமையாக இருந்தது. "எங்க கையெழுத்துப் போடணும்?" என்று மிஸ்ஸியிடம் கேட்டாள்.

அறுவை நல்லபடியாக முடிந்தது.

அந்த ஆண்டுத் திருவிழாவில் பூசாரி அண்ணன் எல்லோரையும்போலக் கூட்டத்தில் நின்று கும்பிட்டார். எல்லை தாண்டியவர் என்று சொல்லி, இனிமேல் கரகத்தை அவரிடம் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். அடுத்த திருவிழாவுக்கு முன்பே ஒருநாள் கோயில் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். மாரடைப்பு என்றார்கள். வயதும் இருந்தது, சுருட்டுப் பழக்கமும் இருந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் என்ன?

இறுதிச் சடங்கு முடிந்து காரில் திரும்பும்போது மகள் சொன்னாள்: "திரைக்குள்ள மாமா என்ன சொன்னாருன்னு அன்னிக்குக் கேட்டீயே."

"ம்."

"'ஒங்கம்மாவுக்கு ஒண்ணும் வராது. வர்றது எனக்கு வரட்டும்னு ஆத்தாகிட்ட சொல்லிட்டுத்தான் எல்லையத் தாண்டுனேன்'னாரு."

கார் ரப்பர் மரங்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அது நடுங்குவதைப் பற்றி இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை.