சுவரில் ஒட்டிய கம்பளி நூல்

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இரண்டு வீட்டுப் பத்திரங்களிலும் அதற்குப் ‘பொதுச்சுவர்’ என்று பெயர். பொது என்று எழுதப்பட்டதை யாரும் பூசிப் பராமரிப்பதில்லை என்பது, அரக்கோணத்தில் ரயில்வே அலுவலகமொன்றில் கோப்புகளோடு குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்ற எனக்குப் புதிய செய்தி அல்ல. பழைய செங்கல், சுண்ணாம்புக் காரை. எங்கள் பக்கம் அந்தச் சுவரை ஒட்டிய பின்னறையில்தான் என் கம்பளி நூல்கள், ஊசிகள், ராட்டை, பாதியில் நிற்கும் பின்னல்கள் எல்லாம் இருந்தன. அவர்கள் பக்கம் விசைத்தறி.

திருத்தணியில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுகிற ஆண் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மாநிலத்தின் வெயில் பட்டியலில் எங்கள் ஊர் முதலிடத்துக்கு வரும் நாட்களிலும் மடியில் கம்பளி இருக்கும். இளம் வயதில் வடக்கே கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். குளிர்கால மதியங்களில் அலுவலகத்துப் பெண்கள் மொட்டை மாடி வெயிலில் அமர்ந்து பின்னுவார்கள். கோப்புதான் நகரவில்லை, கையாவது நகரட்டும் என்று நானும் கற்றுக்கொண்டேன். நான் பின்னுவதெல்லாம் குளிர் தேசத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறது. அங்கே கடையில் வாங்கியதைத்தான் போட்டுக்கொள்கிறார்கள் என்று புகைப்படங்கள் சொல்கின்றன.

பக்கத்து வீட்டுக்காரர் அம்மையார்குப்பத்திலிருந்து வந்தவர். வந்த கையோடு முன்பகுதியில் குடித்தனத்தையும் பின்பகுதியில் நான்கு விசைத்தறிகளையும் வைத்தார். தறிக்கூடத்துக் கூரையின் இரும்புக் குழாய்களைப் பொதுச்சுவரில் செருகலாமா என்று வாய்மொழியாகக் கேட்டார். நானும் வாய்மொழியாகச் சரி என்றேன். எழுத்தில் கேட்டிருந்தால் மறுப்பதற்கு என்னிடம் காரணங்கள் வரிசையாக இருந்தன.

அவர் மனைவி நாள் முழுக்க அந்தச் சுவரில் ஒரு கோணியைத் தொங்கவிட்டு, அதில் முதுகைச் சாய்த்துத் தார் சுற்றுவாள். தறியின் ஓடத்துக்குள் வைக்கும் சின்னக் குச்சியில் நூலைச் சுற்றி நிரப்பினால் அது தார். மோட்டார் வைத்த தார் மெஷினின் சத்தம் கிர்ரென்று என் பின்னாலேயே கேட்கும். சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். இரண்டு பேர் மடியிலும் நூல்.

“இன்னா நைனா, யாருக்கு சொட்டரு? மலையில முருகனுக்குக் குளிருதாமா?” என்பாள், வாசலில் தண்ணீர் பிடிக்க வரும்போது.

“உன் ஊட்டுக்காரருக்குத்தாம்மா. தறிச் சத்தத்துக்கு காதை மூடிக்கட்டும்.”

“அவருக்குக் காது போயி ரொம்ப நாளாச்சு. நான் கத்தறதே கேக்கல. இதுல சொட்டரு வேற!”

சித்திரையில் சுவரில் ஒரு விரிசல் மயிரிழையாகத் தெரிந்தது. ஆனியில் என் விரல் நகம் அதற்குள் நுழைந்தது. தறிகள் ஓடும்போது உள்ளங்கையை வைத்துப் பார்த்தால், காய்ச்சல்காரன் உடம்பைத் தொட்டதுபோல உள்ளே ஒரு நடுக்கம். காலையில் பெருக்கிய சுவரடியில் மாலைக்குள் செங்கல் பொடி சேர்ந்துவிடும்.

என் மனைவி தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலேயே சொன்னாள்: “சொவரு சாஞ்சா நம்ம பக்கம் பீரோ கீது, தாங்கும். அந்தப் பக்கம் அந்தப் பொண்ணு இல்ல ஒக்காந்துகினு இருக்குது?”

உரிய இடத்துக்கு மனு எழுதினேன். அதன் பாதை எனக்குத் தெரியும் என்பதால் பதிலை எதிர்பார்க்கவில்லை. விழுந்த சுவருக்குத் தெளிவான நடைமுறை உண்டு: யார் வந்து பார்வையிடுவது, யார் மகஜர் எழுதுவது, யார் சாட்சிக் கையெழுத்துப் போடுவது, உடலை யார் வாங்கிக்கொள்வது. விழப்போகிற சுவருக்கு அப்படி எதுவும் இல்லை. விழும்வரை அது வெறும் சுவர்.

பக்கத்து வீட்டுக்காரரிடமே பேசினேன். ஆடிக்கிருத்திகை நெருங்கிக்கொண்டிருந்தது. நான்கு தறிகளிலும் மஞ்சள் துண்டு ஓடியது.

“இப்ப போயி தறிய நிறுத்துன்னா எப்பிடி சார்? காவடி எடுக்கறவன் மஞ்சத் துண்டு இல்லாம மலையேறுவானா? கிருத்திக முடியட்டும், கொத்தனாரக் கூப்டுக்கலாம்.”

“அதுவரைக்கும் சுவர் நிக்கணுமே.”

“நின்னுகினுதான கீது.”

நான் ஒரு யோசனை சொன்னேன். பழைய கட்டடங்களில் விரிசலின் மேல் கண்ணாடித் துண்டை ஒட்டிவைத்து, அது உடைகிறதா என்று கவனிப்பார்கள். அதேபோல நாம் ஒரு நூலை விறைப்பாக ஒட்டிவைப்போம். சுவர் நகர்ந்தால் நூல் அறுந்துவிடும். அவருக்கு அது உடனே பிடித்துவிட்டது. இழை அறுந்தால் தறியை நிறுத்து என்பது நெசவுக்காரருக்குக் கையில் ஊறிய சட்டம்.

“ஆங், இது கரெக்ட்டு! நூலு அறுந்துச்சுன்னா அந்த நிமிசமே சுச்ச ஆப் பண்றேன். அறுகலன்னா நீங்க வாயத் தொறக்கக் கூடாது. சரியா?”

“சரி.”

என் கூடையிலிருந்து சிவப்புக் கம்பளி நூலில் ஒரு சாண் வெட்டி, விரிசலின் இரு கரையிலும் பசையால் ஒட்டினேன். அவர் பக்கத்தில் நின்று, விரலால் சுண்டிப் பார்த்து, தலையாட்டினார். அவர் பருத்தியோடு வளர்ந்தவர், நான் கம்பளியோடு பழகியவன். என்ன நூல் என்று அவரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அதன்பிறகு காப்பி குடிப்பதற்கு முன் நூலைப் பார்ப்பது என் காலைக் கடமையாயிற்று. அறுந்ததா? இல்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வது பழைய அலுவலகப் பழக்கம். நூலைப் பார்க்கத்தான் உடன்பாடு, சுவரைப் பார்க்க அல்ல. விரிசலில் குடியிருந்த பல்லி ஒருநாள் இறங்கி வந்து ஜன்னல் பக்கம் தங்கிவிட்டது. பீரோக் கதவு தானாகத் திறந்துகொள்ளத் தொடங்கியது. மனைவி காகிதத்தை மடித்துச் செருகி மூடினாள். பொடியை இப்போது துடைப்பத்தால் தள்ள முடியவில்லை, முறத்தில் அள்ள வேண்டியிருந்தது. ஆனாலும் தினமும் காலையில் சிவப்பு நூல் அறுகாமல் இருந்தது. நான் நிம்மதியாகக் காப்பி குடித்தேன்.

அந்தச் சமயத்தில், பேரப்பிள்ளைக்குச் சின்னதாகிவிட்டதென்று மகள் திருப்பி அனுப்பிய ஸ்வெட்டர் ஒன்றைப் பிரித்தேன். பின்னலைப் பிரித்தால் நூல் சுருள் சுருளாக வரும். அதை வளையமாகச் சுற்றிக் கட்டி, அலசி, கொடியில் தொங்கவிட்டு, அடியில் கனம் எதையாவது மாட்டினால் காய்வதற்குள் சுருக்கம் நேராகும். அன்று தண்ணீர் நிரப்பிய பித்தளைச் சொம்பை மாட்டினேன். கிணற்றங்கரையில் கையைக் கழுவிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், சொம்பு நாலு விரல் கீழே இறங்கியிருந்தது. ஓர் இழைகூட அறுகவில்லை.

கம்பளி இழுத்தால் நீளும். அதனால்தான் அதில் ஸ்வெட்டர் பின்னுகிறோம். ஆயுசில் பாதியை அதோடு கழித்தவன் நான்.

ஈரக் கையோடு பின்னறைக்கு ஓடினேன். சிவப்பு நூல் அங்கே இருந்தது, ஆனால் மெலிந்திருந்தது. முறுக்கு தளர்ந்து, இழைகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து, தொட்டால் கம்பிபோல விறைத்திருந்தது. அன்றுதான் நூலை விட்டுவிட்டு விரிசலைப் பார்த்தேன். என் சுண்டுவிரல் முழுதாக உள்ளே போயிற்று. விரலை எடுத்ததும் கோணியின் ஓரமாக அந்தப் பக்கத்து டியூப்லைட் வெளிச்சம் தெரிந்தது. வெளிச்சத்தில் அவள் தோள் அசைந்துகொண்டிருந்தது.

தறிக்கூடத்துக்குள் போய்க் கத்தினேன். அங்கே கத்தித்தான் பேச முடியும்.

“தறிய நிறுத்துங்க! சுவர் நகர்ந்திருக்கு!”

“நூலு அறுந்துச்சா சார்?”

“அறுகல. நீண்டிருக்கு.”

“அறுகல இல்ல? அப்புறம் இன்னா சார்?” சிரித்தார். “நீங்க போட்ட ரூலுதான? ரூலுன்னா ரூலு. நாளிக்கு சாய்ங்காலம் வண்டி வந்துடும், மூட்ட ஏத்தணும்.”

“நீயாவது எந்திரிம்மா அங்கேருந்து.”

“நைனாவுக்கு இன்னிக்கு ஊசி கெடைக்கல போல, நம்மளக் குத்த வந்துட்டாரு,” என்றாள் அவள், குச்சியிலிருந்து கண்ணை எடுக்காமல். “இந்தத் தாரு முடிச்சுட்டு எந்திரிக்கறேன்.” ஒரு தார் முடிந்தால் அடுத்த தார். அவள் எழுந்திருக்கப் போவதில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்தேன். நூல் அறுந்தால் தறி நிற்கும் என்ற விதி இருந்தது. நிறைவேற வேண்டிய நிபந்தனை ஒன்றுதான் பாக்கி. மனைவியைப் பார்த்தேன். ஒன்றும் கேட்காமல் தையல் கத்திரியை எடுத்து நீட்டினாள். வெட்டியதும் நூலின் இரு முனைகளும் சுண்டிவிட்டதுபோல எதிரெதிர்ப் பக்கம் ஓடின.

கூப்பிட்டேன். வந்தார். தறிகள் அங்கே ஓடிக்கொண்டேதான் இருந்தன. குனிந்து, ஒரு முனையைப் பிடித்து, கட்டைவிரலில் உருட்டிப் பார்த்தார்.

“சார். இது அறுந்தது இல்ல. கத்திரி.”

மனைவி கத்திரியை மறைக்கவில்லை. அவர் திரும்பிப் போயிருப்பார். ஆனால் துண்டாகிக் கிடக்கிற இரண்டு நூல் முனைகளை அப்படியே விட்டுப் போக அவர் கைக்குத் தெரியாது. முடிச்சுப் போடுவதற்காக இரண்டையும் பிடித்து இழுத்தார். முனைகள் தொட்டுக்கொண்டன. பிடியைத் தளர்த்தினார். சுருங்கி விலகின. மறுபடியும் இழுத்தார்.

“இழுத்தா வருது,” என்றார். “வுட்டா பூடுது.”

மூன்றாம் முறை இழுக்கவில்லை. இரண்டு முனைகளுக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்தார். அதற்குப் பின்னால் இருந்த விரிசலைப் பார்த்தார். அதன் வழியே தன் மனைவியின் தோளைப் பார்த்தார்.

ஓடினார். தறிகள் ஒவ்வொன்றாக நிற்பது கேட்டது. தார் மெஷின் மட்டும் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

“எந்திரி மே! அப்பிடியே வுட்டுட்டு வா!”

“பாதியில கீது பாவா, இந்த ஒரு தாரு—”

“எந்திரின்றேன்ல!”

அதுவும் நின்றது. அந்தச் சுவருக்கு அருகில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதில்லை. அமைதிக்குள், சுவரின் உள்ளே எங்கோ, பொட்டலத்திலிருந்து சர்க்கரை கொட்டுவதுபோல ஒரு சத்தம் நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தது. தறியை நிறுத்தினால் சுவர் நகர்வதும் நின்றுவிடும் என்றுதான் நாங்கள் இருவரும் நம்பியிருந்தோம்.

கொத்தனார் மறுநாள் வந்தார். வாசற்படியிலிருந்தே எட்டிப் பார்த்துவிட்டு, முட்டுக் கொடுக்கக்கூட உள்ளே வரமாட்டேன் என்று சொல்லிப் போய்விட்டார். பொதுச்சுவரை இடிக்க அனுமதி கேட்டு நானும் பக்கத்து வீட்டுக்காரரும் மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அனுமதி வரும்வரை சுவரைத் தொடக் கூடாது என்பது நடைமுறை. அதையும் நான்தான் அவருக்குச் சொன்னேன். சொன்னபோது அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத விரும்பவில்லை.

கிருத்திகை வந்து போய்விட்டது. மஞ்சள் துண்டுகள் பாதி நெய்தபடி தறிகளிலேயே கிடக்கின்றன. பாதி சுற்றிய தார் மெஷினில் இருக்கிறது. நான் பின்னிக்கொண்டிருந்த நீல ஸ்வெட்டரும் ஊசியோடு பின்னறையில்தான் இருக்கிறது. யாரும் எடுக்கப் போவதில்லை. பகலில் அந்தப் பெண் எங்கள் முன்னறையில் என் மனைவியோடு உட்கார்ந்து பித்தான் தைக்கிறாள், என்னை முன்போலவே கேலி செய்கிறாள். ஆனால் இப்போது சாயங்காலங்களில் மலைக்குப் பின்னால் மேகம் கட்டுகிறது. இடி கேட்டதும் பேச்சு நின்றுவிடும். நான்கு பேரும் ஒரே பக்கமாகத் திரும்பிப் பார்க்கிறோம்.