எலிக்கும் போடாத மருந்து

ஆய்வுக்கூடத்தில் நான் செய்வது கண்ணுக்குத் தெரியாத ஜெல் துகள்கள். ஊறிய ஜவ்வரிசியை ஆயிரம் மடங்கு சிறிதாக்கினால் எப்படியோ அப்படி. உள்ளே மருந்தை ஏற்றிப் புண்ணில் வைத்தால் நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட வேண்டும். இப்போதைக்குக் கண்ணாடிக் குப்பியில் விடுகிறது, அவ்வளவுதான்.

இதைத் திருவொற்றியூரில் எங்கள் மாடிப்படியில் நின்று பக்கத்து வீட்டு அக்காவிடம் பெருமையடித்தது என் தப்பு. அக்கா காசிமேட்டில் இறால் உரிப்பவள். ஐஸ் தண்ணீரில் நின்று நின்று வலது கால் கட்டைவிரலில் புண். சுகர் வேறு இருந்ததால் ஆறவில்லை.

"அப்போ என் காலுக்குத்தான் மருந்து செஞ்சிகினு கீற," என்றாள்.

அன்றிலிருந்து தினமும் கேள்வி. "இன்னா கண்ணு, ஆச்சா?"

"இன்னும் எலிக்குக்கூடப் போடலக்கா. நீ ஆஸ்பத்திரிக்குப் போ."

"போனா வெரலை எட்த்துடுவாங்க. நீ கொஞ்சூண்டு கொண்டா, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவள் கண்ணில் படாமலிருக்க அரைமணி முன்னதாகவே கிளம்ப ஆரம்பித்தேன். வேலையில் மனம் ஒட்டவில்லை. அளந்ததையே மறுபடி அளந்தேன். ஒருநாள் சாயங்காலம் ஒரு குப்பியைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை.

மெட்ரோவில் உட்கார முடியவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன். வண்ணாரப்பேட்டையில் துணி மூட்டைகளோடு கூட்டம் ஏறியது. பையை மார்போடு பிடித்துக்கொண்டேன். துகள் செய்யச் சேர்க்கும் ரசாயனத்தைக் கழுவி எடுத்துவிட்டோம் என்பது எங்கள் நம்பிக்கைதான். உயிருள்ள சதையில் அது என்ன செய்யும் என்று எனக்கே தெரியாது.

அக்கா வீட்டுக் கதவு திறந்திருந்தது. புண்ணுக்குப் போட்ட கட்டைப் பிரித்து, காலைப் பிளாஸ்டிக் ஸ்டூலில் நீட்டி வைத்திருந்தாள். முதலில் நாற்றம்தான் வந்தது. விரல்நுனி கறுத்திருந்தது. என் மருந்துக்காகக் காத்திருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. அன்று மாடிப்படியில் நான் பெருமையடிக்காமலிருந்தால் எப்போதோ டாக்டரிடம் போயிருப்பாள்.

"கொண்டாந்தியா?"

"இல்லக்கா," என்று பொய் சொன்னேன். "கெளம்பு, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"ஒன்னிய நம்புனேன் பாரு," என்றாள். ஆனாலும் என்னோடு ஆட்டோவில் ஏறினாள். வரிசையாக நின்ற கண்டெய்னர் லாரிகளையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

இரண்டு நாளில் விரலை எடுத்தார்கள். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் பாதமே போயிருக்கும் என்றார் டாக்டர்.

குப்பியைத் திருப்பிக் கொடுத்து, என் பேராசிரியையிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கத்தவில்லை. இரண்டு வாரம் ஆய்வுக்கூடத்துக்குள் வரக் கூடாது என்றார்.

அக்கா வீடு திரும்பியதும் கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன்.

"உக்காரு. இன்னாத்துக்கு நின்னுகினே கீற?"

உட்கார்ந்தேன். அவள் இறால் வரத்து குறைந்ததைப் பற்றிப் பேசினாள், மெட்ரோ கூட்டம் எப்படி என்று கேட்டாள். காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, போன் வருகிறது என்று சொல்லி எழுந்துவிட்டேன்.